சும்மா நின்ற பூக்கள்

அண்ணன் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். கதை போகப்போக இதைச் சொல்ல இடம் கிடைக்காது.

குடிக்க மாட்டார். ஊர் வம்புக்குப் போக மாட்டார். முப்பத்திரண்டு வருடம் ஒரு டயர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் சும்மா நிற்கிறான் என்று பார்ப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. ஒரு இயந்திரத்தருகே மூன்று பேர் நின்றால், மூன்றாவது ஆள் எதற்கு என்று கேட்பார். மறுவாரம் அந்த மூன்றாவது ஆள் இருக்க மாட்டான். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கத்திரிக்கோல். அது அவர் காதுக்கும் வந்தது. கோபப்படுவார் என்று பார்த்தால், ஓய்வு பெற்ற அன்று மேடையில் அதைத் தானே சொல்லிச் சிரித்தாராம்.

வேலைதான் ஓய்ந்தது. பழக்கம் அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு விளக்கு எரிந்தால் ஒன்றை அணைத்தார். அண்ணியிடம் நான்கு ஜோடி செருப்பு எதற்கு என்று கேட்டார். மேல்மாடியில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, மாடிப்படி இறங்கித் தங்கையின் தோட்டத்துக்கு வந்தார்.

தங்கைக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டில் இன்னும் சின்னவள் என்றுதான் பெயர். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. பதினாறு வருடத்துக்கு முன்பு, குழந்தை இல்லை என்று சொல்லிப் புருஷன் வீட்டில் அவளைப் பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். வந்த வருடமே அப்பா படுக்கையில் விழுந்தார். கீழ்வீட்டு முன்னறையில் ஆறு வருடம் கிடந்தார். புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் சின்னவள்தான். அண்ணன் தினமும் சாயங்காலம் இறங்கி வந்து வாசற்படியில் நின்று, "மாத்திரை சாப்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டு மேலே போவார். ஒரு நாள் தவறமாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா போவதற்கு முன் வீட்டை இரண்டு பேர் பெயருக்கும் எழுதி வைத்தார். பத்திரம் அண்ணனின் அலமாரியில் இருந்தது. எது யாருடைய பாதி என்று யாரும் பேசவில்லை. மேலே அண்ணன், கீழே சின்னவள் என்று ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டிலிருந்து பின்சுவர் வரை வீட்டை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு ஒரு மண்தரை உண்டு. சின்னவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அதுதான். முன்பெல்லாம் கீரை, மிளகாய் என்று ஏதேதோ வைப்பாள். அண்ணன் ஓய்வு பெற்ற வருடத்திலிருந்து பூசணி. கொடி என்னவோ கொழுகொழுவென்றுதான் வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். சுவரில் ஏறியது, துணிக்கொடி கட்டும் கம்பத்தைச் சுற்றியது, விட்டால் மாடிக்கே போயிருக்கும். ஆனால் காய் மட்டும் பிடிக்கவில்லை. கட்டைவிரல் அளவு பிஞ்சு வரும், நாலு நாளில் மஞ்சளாகும், தொட்டால் கையோடு வந்துவிடும். சாம்பல் போட்டாள், சாணம் போட்டாள், காய்கறித் தோலையெல்லாம் மக்க வைத்துப் போட்டாள். மூன்று வருடமும் இதே கதைதான்.

பூசணிப்பூ விடியும்போது விரியும், வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். சின்னவள் நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப மத்தியானம் ஆகும். விடுமுறை நாளிலோ உடம்பு அடித்துப் போட்டாற்போல் தூங்கும். தான் வளர்த்த செடி பூத்து நிற்பதை அவள் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

அண்ணன் கார் வாங்கினார். தெருவில் நின்ற காரில் எவனோ கோடு போட்டுவிட்டுப் போனான். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சாப்பிட வந்திருந்தார்கள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த அண்ணன் ஜன்னல் வழியாகக் கீழே காட்டினார்.

"அந்த மண்ணைச் சிமெண்ட் போட்டுட்டா காரை உள்ளே விட்டுடலாம். மூணு வருஷமா பாக்கறேன், ஒரு காய் உண்டா? காய்க்காத இடத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

பத்துப் பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டியபடியே இரண்டு மூன்று பேர் சின்னவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவள் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தை மண்ணுக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா என்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. பதினாறு வருடத்துக்கு முன்பு மாமியார் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை.

"எனக்கு அந்த இடம் வேணும்ணா" என்றாள்.

"சரிம்மா. உன் மனசையும் நோகடிக்க வேணாம். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். ஒரே ஒரு காய் பிடிச்சாக்கூட விட்டுடறேன். பிடிக்கலைன்னா கொத்தனாரை வரச் சொல்றேன். நியாயம்தானே?"

நியாயம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். தொழிற்சாலையில் நோட்டீஸ் கொடுப்பது போல, தங்கைக்கும் தவணை கொடுத்துவிட்டு அண்ணன் குட்டித் தூக்கம் போடப் போனார்.

மறுநாள் வேலை முடிந்ததும் சின்னவள் நேராக நாற்றுக்கடைக்குப் போனாள். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, பூசணியில ரெண்டு வகைப் பூ வரும். நீளக் காம்புல, அடியில ஒண்ணுமில்லாம நிக்கிறது ஆண் பூ. அடியில குட்டிப் பிஞ்சோட வர்றது பெண் பூ. இதுல இருக்கிற பொடி அதுக்குப் போகணும். பூச்சி கொண்டுபோகும். உங்க பக்கம் பூச்சி இல்லையோ என்னவோ. அப்படின்னா நீங்கதான் பூச்சி."

"நான் என்ன பண்ணணும்?"

"காலைல விரிஞ்ச உடனே ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, நடுவுல இருக்கிறதைப் பெண் பூவுக்குள்ள மெதுவாத் தடவுங்க. அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மேல போனா பிரயோஜனம் இல்லை."

அவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. தொழிற்சாலை மேலாளரிடம் போய், இந்த மாதம் முழுக்கத் தனக்குச் சாயங்கால ஷிப்ட் வேண்டும் என்று கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த ஒன்பது வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் என்பதால் அந்த அம்மாள் காரணம்கூடக் கேட்கவில்லை.

முதல் நாள் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனாள். பெண் பூ ஒன்று மஞ்சள் மஞ்சேளென்று விரிந்திருந்தது. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. கொடி முழுக்கத் தேடினாள். நீளக் காம்புகள் இருந்தன, நுனியில் பூ இல்லை. அணில் தின்றிருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. முதல் நாள் வேலைக்குக் கிளம்பும் முன் மொட்டாக எண்ணி வைத்தது ஐந்து, காலையில் வெறும் காம்பு ஐந்து. காம்பின் நுனியில் நகத்தால் கிள்ளிய தடம் இருந்தது. அணிலுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

தண்ணீர் மோட்டார் அறைச் சாவியைக் கொடுப்பதற்காக அன்று காலையே மாடிக்குப் போனாள். சாப்பாட்டு மேசை நடுவில் பெரிய கண்ணாடிக் கிண்ணம், அதில் தண்ணீர், தண்ணீரில் ஐந்து பூசணிப்பூ. ஐந்தும் ஆண் பூ.

"இது எங்கேருந்து வந்துச்சு அண்ணி?"

"உன் தோட்டத்துலருந்துதான். உங்க அண்ணன் காலைல நடந்துட்டு வரும்போது கொண்டாந்து தருவாரு. அழகா இருக்குல்ல?"

"எத்தனை நாளா?"

"அவரு ரிட்டயர் ஆனதுலருந்தே. ஏன், உனக்கும் வேணுமா?"

அண்ணியைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் சின்னவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி அண்ணன் வந்தார்.

"நீங்களா பறிச்சீங்க?"

"ஆமாம்மா. நீ வேலைக்குப் போயிடறே, கவனிக்க ஆள் வேணாமா? பிஞ்சு இருக்கிற பூவை நான் தொட்டதே இல்லை. ஒண்ணுமில்லாம சும்மா நிக்குது பாரு, அதை மட்டும் கிள்ளிடுவேன். இல்லைன்னா செடியோட சத்தெல்லாம் அதுக்கே போயிடும்." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. விடிவதற்குள் எழுந்து, யாருக்கும் சொல்லாமல், தங்கைக்கு உபகாரம் செய்து வந்திருக்கிறார்.

"அது சும்மா நிக்கலை" என்றாள் சின்னவள். "அது ஆண் பூ. அது இல்லாம எப்படிக் காய் பிடிக்கும்?"

அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். மூன்று வருடத்துப் பூவும் மனதில் ஓடியிருக்க வேண்டும். முகம் சுருங்கியது.

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க யாரைக் கேட்டீங்க? கீழேதானே இருக்கேன், பறிக்கலாமான்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? மூணு வருஷமா நீங்களே பறிச்சுப் போட்டுட்டு, பத்துப் பேர் முன்னாடி காய்க்காத இடம்னு சொன்னீங்களே, எப்படிண்ணா?"

"கத்தாதேம்மா. நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

இந்த ஒரு வார்த்தை போதும். ஒரு வீட்டையே கொளுத்திவிட்டுக்கூட இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். எதிரில் நிற்பவர்தான் நன்றி கெட்டவர் ஆகிவிடுவார். இதுவரை சின்னவளும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு படி இறங்கியிருக்கிறாள். அவளுடைய பழைய தையல் இயந்திரத்தை அவர் யாருக்கோ தூக்கிக் கொடுத்தபோது, முன்னறைச் சுவரை அவளைக் கேட்காமல் இடித்தபோது, எல்லாமே நல்லதுக்குத்தான். இந்த முறை கால் நகரவில்லை.

"அடியில காய் இருந்தா நல்ல பூ, இல்லைன்னா சும்மா நிக்கிற பூ. இந்தக் கணக்கைச் செடிக்கு மட்டுமா வச்சிருக்கீங்க? என்னையும் அப்படித்தானே பாக்கறீங்க?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"அப்பா கீழே ஆறு வருஷம் கிடந்தாரே. அப்ப யாருண்ணா சும்மா நின்னது?"

அண்ணி சட்டென்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள், ஏதோ சண்டைக்குக் காரணம் கிண்ணம்தான் என்பது போல. அண்ணன் துண்டை நான்காக மடித்தார். தப்பு என்று தெரிந்த பிறகு ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? அதைத் தவிர மற்றதெல்லாம் செய்தார்.

"எதுக்கு இப்ப அப்பாவை இழுக்கறே? சரி, பூ விஷயம் எனக்குத் தெரியலை, விடு. ஆனா கொத்தனார்கிட்ட சொல்லியாச்சு. திங்கட்கிழமை ஆள் வருது. கார் தெருவுலேயே நிக்க முடியுமா? சொன்ன வார்த்தையை மாத்தறது எனக்குப் பழக்கமில்லை."

மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் கொடுத்த தவணைதான், அவரே கொடுத்தது. அந்த வார்த்தையை மட்டும் மாற்றலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அண்ணன் பூவைத் தொடவில்லை. ஆனால் இத்தனை நாளும் வீணாகப் பூத்துத் தீர்ந்த கொடி, அவசரத்துக்குப் பெண் பூ ஒன்றும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் சுவரோரம் ஒரு மொட்டு பருத்து நுனி மஞ்சளாகியிருந்தது. அடியில் கோலிகுண்டு அளவில் பிஞ்சு. நாளைக் காலையில் விரியும். பக்கத்திலேயே ஆண் மொட்டும் ஒன்றே ஒன்று. சின்னவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு காய் பிடித்துவிட்டால் அவர் வாயாலேயே அவரை மடக்கிவிடலாம் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு இரண்டும் விரிந்திருந்தன. ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்தாள். நடுவில் இருந்த தண்டின் மஞ்சள் பொடி விரலில் ஒட்டியது. குனிந்து பெண் பூவின் அருகே கையைக் கொண்டுபோகும்போது, கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே சின்ன லாரி ஒன்று உறுமியது. ஒருவன் இறங்கி, "பின்னாடி வா, பின்னாடி வா" என்று கத்த, லாரியின் பின்சக்கரம் கொடியின் நுனியில் ஏறி நின்றது.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். கையில் அந்தப் பூத்தண்டு அப்படியே இருந்தது.

கொத்தனார் நல்ல மனிதர். "அம்மா, மாடி ஐயாதான் வரச் சொன்னாரு. மணலைக் கொட்டிட்டு நான் அடுத்த வேலைக்குப் போகணும்" என்றார்.

"கொட்டக் கூடாது."

அண்ணன் இறங்கி வந்தார். "நீங்க கொட்டுங்க" என்றார்.

கொத்தனார் இருவரையும் பார்த்தார். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. எனக்குக் காது ரெண்டு, ஆனா மண்டை ஒண்ணுதான்."

சிரிக்க வேண்டிய இடம்தான், யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சித்தப்பாவுக்குத் தொலைபேசி போட்டார். சித்தப்பா ஒலிபெருக்கியில் இரண்டு மணி நேரம் குடும்ப ஒற்றுமை பற்றிப் பேசினார். பேச்சில் எங்கேயும் பூசணி வரவில்லை. பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நாலு தடவை வந்தது. லாரிக்காரன் இருக்கையில் சாய்ந்து படுத்துவிட்டான். சின்னவள் கேட்டை விட்டு நகரவில்லை, நகர்ந்தால் மணலைக் கொட்டிவிடுவார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"பத்திரத்தை எடுத்துட்டு வாங்க" என்றாள் சின்னவள்.

"பத்திரமா? என்ன பேசறே நீ?"

"எடுத்துட்டு வாங்க. நான் இதுவரைக்கும் அதைப் படிச்சதே இல்லை."

அண்ணன் அசையவில்லை. அவர் பின்னாலேயே இறங்கி வந்திருந்த அண்ணிதான் மேலே போய்ப் பத்திரத்தைக் கொண்டுவந்து சின்னவள் கையில் கொடுத்தாள். கணவனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. சின்னவள் கேட்டுக்கு நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். நடுநடுவே திக்கினாள். சரிபாதி என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"இந்த வீட்ல பாதி என்னுது. எந்தப் பாதின்னு இத்தனை வருஷமா நான் சொல்லலை. இப்பச் சொல்றேன். இந்த மண்ணு என் பாதியில வருது. மாடியை நீயே வச்சுக்கோ. மொட்டை மாடியையும் வச்சுக்கோ. காரை அங்கே கொண்டுபோய் நிறுத்து."

அண்ணனை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணன் தொழிற்சாலையில் எத்தனையோ பேரை வெளியே போகச் சொன்னவர். போக மாட்டேன் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை போலும்.

"பேசாம மேல வாங்க" என்றாள் அண்ணி.

கொத்தனார் லாரிக்காரனைத் தட்டி எழுப்பினார். மணல் வந்த வழியே திரும்பிப் போனது.

சின்னவள் சுவரோரம் போய்ப் பார்த்தாள். மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. பெண் பூ வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. கையை விரித்தாள். கத்திப் பேசிய வேகத்தில் இறுகிய கைக்குள் ஆண் பூத்தண்டு நசுங்கிக் கூழாகியிருந்தது. பொடியெல்லாம் உள்ளங்கை வியர்வையோடு கரைந்துவிட்டது. இன்னும் நாலு நாளில் பிஞ்சு மஞ்சளாகும், உதிரும். இந்த வருடமும் அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டு அழுகிறவளைப் பார்த்தால் மற்றவர்களுக்கு விசித்திரமாக இருந்திருக்கும். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. அரை நிமிட வேலை. மூன்று வருடமாகக் காத்திருந்த வேலை. அதைச் செய்யவிடாமல், பாதி யாருடையது என்று தெருவுக்குப் படித்துக் காட்ட வைத்துவிட்டார்களே! முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, சக்கரம் ஏறி நசுங்கிய நுனியைக் கிள்ளி எறிந்தாள். குழாயடிக்குப் போய் வாளியை நிரப்பி வந்து கொடியின் தூரில் ஊற்ற ஆரம்பித்தாள்.

மாடி விளிம்பில் அண்ணன் வந்து நின்றார். பிறகு, பதினாறு வருடத்தில் முதல் முறையாக, தோட்டத்தைப் பற்றி அவளிடம் ஒன்று கேட்டார்.

"அந்தப் பூ என்னாச்சு?"

"மூடிக்கிச்சு."

"அப்போ காய் வராதா?"

"வராது."

"இனிமே வருமா?"

"தெரியாது. சீசன் முடியப் போகுது."

அவருக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை, அதில் நடிப்பு இல்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"அப்புறம் எதுக்கு வேலை மெனக்கெட்டு அதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கே?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காய்க்கலைன்னாலும் தாகம் எடுக்கும்ணா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாளிக்குக் குழாயடிக்கு நடந்தாள்.